கேட்காமலே சொல்லிவிடுகிற அக்கா

பெயர் வேண்டாம். எழுதினால் சண்டைக்கு வருவாள். அக்கா என்றே எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஒயரிங் கம்பெனி. மோட்டார் சைக்கிளுக்குள் முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஓடுகிற ஒயர்க் கட்டுகளை அங்கே செய்வோம். நான் லைன் லீடர். எனக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள். கடைசி மேஜையில் அக்கா. நாங்கள் முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு கட்டையும் டெஸ்டரில் செருகிப் பார்த்து, எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தால் அட்டையில் முத்திரை குத்திப் பெட்டியில் போட வேண்டும். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் அந்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

அவளோடு வேலை செய்வது பெரிய ரோதனை. சோம்பல் கிடையாது, லீவு கிடையாது, வம்பு பேச்சு கிடையாது. ஆனால் தப்பு ஏதாவது செய்துவிட்டால், யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய்ச் சொல்லிவிடுவாள். சொன்னால் என்ன ஆகும், யார் தலை உருளும் என்றெல்லாம் யோசிக்க மாட்டாள். "சொல்லுதது என் வேல. பொறவு நடக்குதத ஆண்டவர் பாத்துக்கிடுவாரு" என்பாள். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் லாரி ஓட்டி, இடுப்பு எலும்பு உடைந்து, கட்டிலில் கிடந்தார். பிள்ளை இல்லை. பத்துக்குப் பத்து லைன் வீட்டில் இருந்துகொண்டு ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேன்டீனில் புதன்கிழமை ஆளுக்கு ஒரு முட்டை. ஒரு நாள் அவள் தட்டில் சோற்றுக்கு அடியில் இன்னொரு முட்டை இருந்திருக்கிறது. பாதி கடித்த பிறகுதான் கவனித்தாள். நேராக எழுந்து போய்க் கேன்டீன் அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணே, எனக்கு ரெண்டு வந்துட்டு. தெரியாமக் கடிச்சிட்டேன்."

"கடிச்ச முட்டைய நான் என்னம்மா பண்றது? தையல் போட்டு வெக்கவா?"

"எனக்கென்ன தெரியும்? சொல்லணும்லா, சொல்லிட்டேன்."

"சரி, தின்னு தொலை."

வந்து உட்கார்ந்து மீதியை நிம்மதியாகத் தின்றாள். அந்த நிம்மதிதான் எனக்குப் புரியாது. எங்கள் வீட்டில் கத்தோலிக்கர். தப்பு செய்தால் சாமியாரிடம் கூண்டுக்குள் தனியாகச் சொல்வோம், அதுவும் வருஷத்துக்கு ஒரு முறை. நான் அதையும் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்குப் போவேன், கேக் தின்பேன், அவ்வளவுதான். இவளானால் ஒரு முட்டைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள், அதுவும் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவள் போகிற சபை பாகலூர் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆராதனை நடுவில் அங்கே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. வாரத்தில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஆளாளுக்கு எழுந்து சொல்ல வேண்டும். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு அம்மா சர்க்கரை இறங்கியதைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து அக்கா எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நடமாட்டம் வரணும்னு ரெண்டு வருசமா ஜெபம் பண்ணுதேன். இந்த வாரமும் ஒண்ணும் நடக்கல. ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. தபேலாக்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஆராதனை முடிந்து படி இறங்கும்போது பாஸ்டர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், சாட்சின்னா ஆண்டவர் செஞ்சதச் சொல்றது. செய்யாததச் சொல்றது இல்ல."

"ரெண்டு வருசமா ஒண்ணும் நடக்கலேன்னாலும் இன்னைக்கும் ஏறி வந்துருக்கேனே ஐயா. அது நானா வந்தேன்னு நெனைக்கியளா?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.

அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா விஷயமும் இப்படித்தான். தெலுங்குக்காரங்க. அவள் வீட்டில் நாலு பேர் கூடிப் பாட்டுப் பாடினால், "ஏம்மா, பஜனையெல்லாம் உங்க கோயில்ல வெச்சுக்கோ" என்று சத்தம் போடுகிறவர். அந்த அம்மாவே ஒரு கோடையில் தயங்கித் தயங்கி வந்தார். கொல்லையில் தண்ணீருக்குப் போர் போடப் போகிறார்களாம்.

"உங்க யேசு சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லேன். எங்க சாமிக்கெல்லாம் சொல்லிட்டோம்."

அக்கா சொன்னாள். முழங்காலில் நின்று, வேதப் புத்தகத் தமிழில், "ஆண்டவரே, நீர் சித்தங்கொண்டால்" என்று ஆரம்பித்துச் சொன்னதை நானே கேட்டேன். போர் வண்டி இரண்டு நாள் துளை போட்டது. வெறும் புழுதிதான் வந்தது. வீடு, துணி, தோசை மாவு எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி.

"என்னம்மா, உங்க சாமிக்கு ஓசூர் ஆழம் தெரியலியா?" என்றார் அந்த அம்மா.

"கேட்டேன் அம்மா. இல்லேன்னுட்டாரு. இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"இப்படிச் சொல்ற சாமிய வெச்சுக்கினு என்ன பண்ற?"

"எங்க வீட்டுக்காரரும் ஒண்ணும் குடுக்காமத்தான் படுத்துக் கெடக்காரு. அவர விட்டுட்டா போயிட்டேன்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பாட்டுக்குச் சத்தம் போடவில்லை. மாடியிலிருந்து, "அந்த ரெண்டாவது பாட்ட இன்னொரு தடவ பாடு" என்று கேட்டதாகக்கூட அக்கா சொன்னாள்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் கரண்ட் கிடையாது என்றார்கள். தொழிற்பேட்டையைப் பிரித்து ஆளுக்கொரு கிழமை கொடுத்தார்கள். எங்களுக்கு வியாழக்கிழமை விழுந்தது. அன்றைக்கே வார லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மற்றவர்களுக்கு என்ன கிழமையாக இருந்தால் என்ன, துணி துவைக்க ஒரு நாள். அக்காவுக்கு மட்டும் சபை போயிற்று. மேனேஜரிடம் போய்க் கேட்டாள். பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பர்மனென்ட் ஆனால்தான் அவள் வீட்டுக்காரருக்குக் கம்பெனி செலவில் இடுப்பு ஆபரேஷன். ஆகவே வந்தாள். முகத்தைத் தொங்கப் போடவில்லை. முணுமுணுக்கவில்லை. வியாழக்கிழமை சபை மாடியில் யாரும் இல்லாதபோது போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு, தனியாக உட்கார்ந்து ஜெபம் செய்துவிட்டு வருவாளாம்.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு. அவர்கள் சபையில் முதல் ஞாயிறுதான் இராப்போஜனம். அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். பத்தரை மணிக்கு ஆரம்பிக்கும். அக்கா மேஜையில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு லாரி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் கிளம்பியது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏ பிள்ள, இங்க வா. கவுண்டரப் பாரு."

டெஸ்டரில் ஒரு கவுண்டர் இருக்கும். எத்தனை கட்டு செருகிப் பார்த்தோமோ அத்தனை எண் காட்டும். அதில் நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. அவள் முத்திரை குத்தி அனுப்பியது நூற்று அறுபது.

"நாப்பத்தெட்டு நான் செருகவே இல்லட்டி. பத்தரை மணிக்கு மனசு சபைக்குப் போயிட்டு. அங்க நின்னு பாடிக்கிட்டு இருந்துருக்கேன். கை மட்டும் இங்க முத்திர குத்திருக்கு."

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஷிப்டு முடிவில் எப்படியும் கவுண்டரை ஜீரோவுக்குக் கொண்டுவருவோம். நான் அப்போதே பட்டனை அமுக்கினேன். ஜீரோ.

"அவ்ளோதான். இப்ப யாருக்குத் தெரியும்?"

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"நம்ம கட்டுல எப்பக்கா தப்பு வந்திருக்குது? நூத்துக்கு ஒண்ணுகூட வராது. வாய மூடிக்கினு போய் உக்காரு."

"அந்த ஒண்ணு எவன் வண்டியிலயாவது இருந்து, ராத்திரி ரோட்டுல லைட்டு அணைஞ்சா?"

போய் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் இருந்தாள். பிறகு எழுந்து, மேனேஜர் அறைக்குப் போகிற மாடிப்படிப் பக்கம் நடந்தாள். நான் ஓடிப் போய்ப் படியில் கையைப் பிடித்தேன்.

"உன் பர்மனென்ட் லெட்டர் ரெடியா கெடக்குது. அண்ணன் ஆபரேஷன நெனச்சுப் பாத்தியா? என்னைய சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்க, அதயாச்சும் நெனச்சியா? பைத்தியமா உனக்கு?"

"நெனச்சேன். அரை மணி நேரமா அததான் நெனச்சேன். நீ செஞ்சத நான் சொல்ல மாட்டேன் பிள்ள. நான் செஞ்சத மட்டும் சொல்லிட்டு வந்துருதேன்."

என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு மேலே போனாள்.

மேனேஜர் டிரைவருக்குப் போன் போட்டார். லாரி கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. திருப்பிக் கொண்டுவந்தார்கள். லைனை நிறுத்தி, பெட்டிகளைப் பிரித்து, எது பார்த்தது எது பார்க்காதது என்று தெரியாததால் நூற்று அறுபதையும் திரும்பச் செருகினோம். நூற்று அறுபதும் பச்சை. ஒரு தப்புக்கூட இல்லை.

பெண்கள் கூடிக்கொண்டார்கள். "அக்காவுக்காக அவங்க சாமி லாரிய பார்டர்ல புடிச்சு வெச்சிருச்சு பாரேன்" என்றாள் ஒருத்தி.

"அந்த செக்போஸ்ட்டுல என்னைக்கு லாரி நிக்காமப் போயிருக்கு? சும்மா கெடங்கட்டி" என்றாள் அக்கா.

ஐந்து மணிக்கு மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜைமேல் அவள் லெட்டர் கவரில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முத்திரை குத்தினது கவனக்குறைவு. ஒத்துக்கிட்டு வந்தீங்க. எழுதி வாங்கிட்டு விட்டிருப்பேன். ஆனா லாரி திரும்பறதுக்கு முன்னாடியே பாத்தேன், கவுண்டர் ஜீரோ ஆயிருந்துச்சு. ஷிப்டு முடியறதுக்கு முன்னால அத யார் அழிச்சது?"

அக்கா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"உங்களத்தாம்மா கேக்கறேன். நீங்களா?"

"நான் செஞ்சது எல்லாத்தையும் சொல்லிட்டேன் சார். அத மட்டும் எங்கிட்டக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "எனக்குத் தெரியாது சார். அக்காதான் பண்ணியிருக்கும்" என்றேன்.

தெரியாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காதான் என்று யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மேனேஜரிடம், "நான் போகட்டா சார்?" என்றாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகிற வழியில் லைன் பக்கம் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"என் ஸ்டூல் ஒரு கால் ஆடுது. அடுத்து உக்காருதவகிட்டச் சொல்லிரு. விழுந்துரப் போறா."

போய்விட்டாள்.

இரண்டு மாதம் நான் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. யாரும் கேட்காமல் ஏன் சொன்னாள்? நல்லாயிருந்த கட்டுகளுக்காக ஏன் போனாள்? நம்பினவளுக்கு அந்த ஆண்டவர் என்ன கிழித்தார்? அவள் மேஜைக்குப் புதிதாக வந்த பெண்ணை ஒன்றுமில்லாததற்கெல்லாம் திட்டினேன். சூப்பர்வைசர் பேட்ஜ் வந்தது. சட்டையில் குத்திக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களைக் கழுவிச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தார்கள். சாமிக்குப் படைத்ததை அக்கா தின்ன மாட்டாள். முதல் வருஷமே எல்லோர் முன்னாலும், "கோவிச்சுக்கிடாதீங்க, படைச்சது எனக்கு ஆகாது. படைக்காததா இருந்தா ரெண்டு பங்கு தாங்க" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து கேன்டீன் அண்ணன் பூஜைக்கு முன்னாலேயே ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் தனியாகக் கட்டிவைப்பார். அந்த வருஷமும் பழக்கத்தில் கட்டிவிட்டார். என்னிடம் கொடுத்தார்.

"அவங்க வீடு உனக்குத்தானே தெரியும். குடுத்துரும்மா. நல்ல பொம்பள. கவுண்டர அழிச்சாங்கன்னு சொல்றாங்க, என்னால நம்பவே முடியல."

பொட்டலத்தோடு நின்றேன். இதைக் கொண்டுபோய் அவள் கையில் எப்படிக் கொடுப்பது? அப்படியே மாடிப்படி ஏறினேன். மேனேஜர் போனில் இருந்தார். வைக்கும்வரை நின்றேன்.

"சார், அன்னிக்குக் கவுண்டர ஜீரோ பண்ணது நான். அக்கா இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்."

"தெரியுமா?"

"அழிக்கிறவ எதுக்கு மாடியேறி வந்து சொல்லப் போறா? அன்னிக்கு ஒருத்தர அனுப்பியாகணும். உன்ன அனுப்பினா லைன் யார் ஓட்டறது? போய் வேலையப் பாரு."

"அக்காவத் திரும்ப எடுத்துக்கங்க சார்."

"அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு."

பேட்ஜைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. அதனால் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. லைன் லீடராகவே அங்கே இன்னும் மூன்று வருஷம் இருந்தேன்.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலைக்குப் போவதாக வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய கொட்டகை. உள்ளே அடுப்பங்கரைச் சூடு. அக்கா வரிசையில் நின்று பூ வெட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்க முள் கீறல்.

"என்னட்டி, இங்க வந்து நிக்க?"

"பொரி குடுத்தனுப்பினாங்க. படைக்காதது."

அங்கேயே பிரித்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு பிடி கொடுத்தாள்.

"இங்கயாச்சும் ஞாயித்துக்கிழம லீவு குடுத்தாரா உன் ஆண்டவர்?"

"எங்கிட்டு? பூ ஞாயித்துக்கிழம பூக்காம இருக்குமா? சாயங்காலக் கூட்டத்துக்குத்தான் போறேன்."

"எம்மேல கோவம் இல்லியாக்கா?"

"இல்லாம? மொத மூணு நாளும் உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ண வாயே வரல. 'ஆண்டவரே, இவள இப்போதைக்கு என்கிட்டக் கேக்காதேயும்'னு சொல்லிட்டேன். நாலாம் நாள்தான் வந்துச்சு."

"நான் மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன்."

"என்னத்த?"

"ஜீரோ பண்ணது நான்னு. யாரும் கேக்கல. நானாப் போய்ச் சொன்னேன்."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. வேலை போன அன்று அவள் அழவில்லை. இப்போது முள் கீறின கையாலேயே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கத்தினேன்.

"எதுக்குக்கா அழுவுற? உன்னத் திரும்ப எடுக்க மாட்டேன்ட்டான். ஒண்ணும் மாறல. இத்தினி நாள் எனக்கா ஜெபம் பண்ணிக்கினு கெடந்த? உன் வேலைக்குப் பண்ணியிருக்கக் கூடாதா?"

"ரெண்டுக்குந்தாம்ட்டி பண்ணேன்" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒண்ணு குடுத்துட்டாரு."

வெட்டி வைத்த பூக்கட்டைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.